கடலிலிருந்து தெரியும் கோயில்

மன்னார்த் தீவில் எந்தக் கந்தோரில் எவருக்கு வேலை கிடைத்தாலும் அதில் என் கை இருக்கும். அமைச்சர்மார்கூட என்னைக் கேட்டுத்தான் கையெழுத்து வைப்பார்கள். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். தாழ்வுபாடு என்ற மீனவ ஊர்ப் பெண் மாக்கிறட்டின் விண்ணப்பத்தில் ஆங்கிலப் பிழை திருத்தியது மட்டும் சத்தியமாக நான்தான்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மீனவருக்கு உதவ வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம், படகில் போய் வலைகளையும் பிடிபடும் மீனையும் பார்வையிட ஆள் எடுத்தது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி.

மாக்கிறட் உயர்தரம் படித்துவிட்டுக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் தேவைதான், ஆனால் ஆசை வேறு. கடலிலிருந்து திரும்பும் ஆண்கள், ஊர்க்கோயில் கண்ணில் பட்டதும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போடுவார்கள். “அங்கயிருந்து பாத்தா எங்கட கோயில் தீப்பெட்டி மாதிரி இருக்கும் பிள்ளை. அதைக் கண்டாத்தான் மூச்சு வரும்” என்று அவளுடைய அப்பா யாகப்பர் சொல்வாராம். பெண்கள் படகேறாத ஊரில் அந்தத் தீப்பெட்டியை அவள் கண்டதில்லை. அப்பா கண்மூடியபின் அதைக் காணாமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

வேலை கிடைத்தது. கந்தோரில் தேநீர் குடிக்கும்போதே வழக்கும் தொடங்கியது. படகோட்டி கிறகரி சொன்னார்: “இவவில எனக்குக் கோவமில்லை. என்ர தம்பி வலன்ரைன் பத்து வயசில கடலுக்குப் போனவன். அவனுக்கு இல்லாத வேலையைப் பொம்பிளைப் பங்கெண்டு வைச்சு இவவுக்குக் குடுக்கிறது ஞாயமோ? கடல் தெரிஞ்சவனுக்கெல்லோ குடுக்கோணும்.”

“பத்து வயசில நானும் கேட்டனான் அண்ணை. அப்பா ஏத்தேல்லை. ஏறாம எப்பிடிக் கடல் தெரியிறது?”

கிறகரி தேநீரை ஊதினார். “அதுவும் கதைதான். ஆனா தம்பிக்கு நான் என்ன சொல்ல?”



பொறுப்பாளர் யோகராசா இரண்டு பக்கமும் தலையாட்டினார். பிறகு அவளைக் கரையில் மீன் நிறுக்க விட்டார். “உங்களுக்கு ஒண்டு நடந்தா நான்தானே பிள்ளை பதில் சொல்லோணும். உங்களை வேலைக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கினம். படகில ஏத்தச் சொல்லேல்லை.”

அவளுக்கென்று வந்த செம்மஞ்சள் மிதவைச் சட்டை கந்தோர்ச் சுவர் ஆணியிலேயே தொங்கியது. படகு வெளிக்கிடும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். பிறகு தராசைப் பார்ப்பாள்.

கடைசியில், பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். கடலில் வேலை செய்யும் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றார். யோகராசாவுக்கு வியர்த்தது. சட்டை ஆணியிலிருந்து இறங்கியது.

காட்டுவதற்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று மாக்கிறட்டுக்குத் தெரியும். ஆனாலும் ஏறினாள். கரை மறையும்வரை போனார்கள். திரும்பும்போது, படம் எடுப்பதற்காக படகைத் திருப்பும் எஞ்சின் கைப்பிடியை அவளிடம் கொடுக்கச் சொன்னார் அம்மையார். கிறகரி கொடுத்தார். அவள் கமராவைப் பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு கோபுரம் எழும்பியதும் மற்றக் கையால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“பிள்ளை, அது ரெலிபோன் கோபுரம். அதைக் கும்பிட்டா சிக்னல்தான் வரும்” என்றார் கிறகரி. படகில் எல்லோரும் சிரித்தார்கள். மாக்கிறட்டின் முகம் வாடிப்போனது. அதைக் கண்ட கிறகரி கைப்பிடியை வாங்கிப் படகைத் திருப்பினார். பனைகளுக்குப் பின்னாலிருந்து கோயில் வெளியே வந்தது, தீப்பெட்டி அளவில். கிறகரி தொப்பியைக் கழற்றினார். மாக்கிறட் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தரம்தான். பிறகு திட்டம் முடிந்து கந்தோரைப் பூட்டிவிட்டார்கள். மாக்கிறட் மறுபடியும் கருவாடு காயப்போடுகிறாள். சட்டை அவள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே தொங்குகிறது. பின்னேரம் படகுகள் திரும்பும்போது, ஆண்கள் தொப்பி கழற்றுவது கரைக்குத் தெரியாது. எந்த இடத்தில் கழற்றுவார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். படகு அங்கே வந்ததும் அவளுடைய கை நெற்றிக்குப் போகும்.

இதை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது மாக்கிறட் பக்கத்தில்தான் இருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எல்லாம் சரி. ஒண்டு மட்டும் பிழை. கிறகரி அண்ணை கைப்பிடியைத் திருப்பி வாங்கேல்லை. எந்தப் பக்கம் எண்டு சொன்னவர். திருப்பினது நான்.”