அடுத்த வாரம் வாங்க, பாய்

ராஜபாளையம் நகராட்சி ஆபீஸில்தான் அவரைப் பார்த்தேன். பெருமாள் சத்தியமாகச் சொல்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஒல்லியான பாய். வெள்ளைத் தொப்பி, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. உடம்பு பிடித்துவிடுவது தொழில். மில்காரர்கள் வருவார்கள் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் அறை பேசி வைத்திருந்தார். நகராட்சி லைசென்ஸ் இருந்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டாராம் அறைக்காரர். நானோ அதே ஆபீஸுக்குக் குழாய் இணைப்புக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

பாயைக் கண்டதும் லைசென்ஸில் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். "பாய், கழுத்து பிடிச்சுக்கிச்சு, செத்த பாருங்க." பாயும் கையைக் கழுவி, 'பிஸ்மில்லா' சொல்லி, பிடித்துவிடுவார். முடிந்ததும், "அடுத்த வாரம் வாங்க."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் அநியாயம்? ஓசியில பிடிச்சுக்கிடுதீங்க, கையெழுத்துப் போட மட்டும் கை வரலையா? சாமி பார்த்துக்கிட்டுதான் இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

பாய் கையை எடுக்காமலே சொன்னார்: "அண்ணாச்சி, செத்த சும்மா இருங்க. நீங்க கத்தக் கத்த சாருக்குத் தோள் இறுகுது."

அன்றும் அடுத்த வாரம்தான். வெளியே வந்ததும் கேட்டேன்: "இந்த ஆளுக்குப் போய் ஏன் பிடிச்சுவிடுதீரு?"

"கையெழுத்து போடாதது வேற, அண்ணாச்சி. வலி நெசந்தானே?"

பொறவு அவர் வரவில்லை. அவர் பேசி வைத்திருந்த அறையில் யாரோ சைக்கிள் கடை போட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் முன்னால் நிற்கையில் அவருக்காக வேண்டிக்கொள்ளத்தான் வாயெடுப்பேன். அதற்குள் அந்த அதிகாரி முகம் வந்து நிற்கும். வேண்டுதல் சாபமாகிவிடும்.