அடியில் மூன்று புள்ளி

கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, மூக்கு தாளில் உரசும் அளவுக்குக் குனிந்து படிக்கிறார். வாய் முணுமுணுக்கிறது. ஒற்றெழுத்து வருகிற இடத்தில் எல்லாம் நகத்தால் மேசையில் ஒரு தட்டு. தட்டு நின்றால் பிழை அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். சிவப்புப் பேனா இறங்கும்.

சட்டம் போடுகிற மன்றத்தின் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கிறார். எந்த மசோதாவும் இவர் கண்ணில் படாமல் அச்சேறாது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. கீழே அச்சு மெஷின் ஓட்டுகிற எங்களுக்கு அவர் புள்ளியக்கா. மாடிப்படியில் “இங்கே எச்சில் துப்ப கூடாது” என்று எழுதி ஒட்டியிருந்ததில், ஏறுகிற அவசரத்திலும் நின்று ஒரு ‘க்’ சேர்த்துவிட்டுப் போனார். “ஒற்று இல்லாம எழுதினா, துப்பாதவனும் துப்புவான்” என்றார்.

தவறுதலாக அடித்துவிட்ட எழுத்தை மீட்க, அதன் அடியில் மூன்று புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவது மெய்ப்புக்காரர் வழக்கம். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, அப்படியே விடு என்று பொருள். புருஷனைப் பற்றிக் கேட்டாலும் இதே பாஷைதான். “பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன்ணே. குறட்டையும் போகல, கோபமும் போகல. அடியில மூணு புள்ளி வச்சு விட்டுட்டேன்.” புருஷனுக்கு வைத்த புள்ளியைத் தன் பேனாவுக்கு அவர் வைத்து நான் பார்த்ததில்லை. அடித்தால் அடித்ததுதான்.

இணையத்தில் வெளிநாட்டார் தலையிடுவதைத் தடுக்கும் மசோதா வந்தபோது, அதை ஆராய்கிற குழு மூவாயிரம் பதிவுகளைத் தாளில் எடுத்து இவர் மேசையில் கொட்டியது. நம் ஆள் எழுதியது எது, வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் போடுவது எது, பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் தலை நிமிரவில்லை. முப்பது கணக்குகளைப் பிடித்துக் கொடுத்தார். வாக்குச்சாவடியில் அடிதடி என்று புரளி கிளப்பிய ஒரு பதிவை என்னிடம் காட்டினார். ‘என் தாய்வழி மாமாவை விரட்டினார்கள்’ என்றிருந்தது.

“தாய்மாமனை எந்த ஊர்லண்ணே தாய்வழி மாமான்னு கூப்பிடறாங்க? இன்னொருத்தன் சகோதரன் கல்யாணத்துக்குப் போனானாம். அண்ணனா தம்பியான்னு தெரியாமலே சாப்பிட்டுட்டு வந்திருக்கான்!”

இவர் கணக்கு எளிது. கம்ப்யூட்டர் எழுதினால் எழுத்தில் பிழை வராது, உறவில் வரும். நம் ஆள் எழுதினால் உறவு சரியாக இருக்கும், எழுத்தில் கோட்டை விடுவான்.

குழு தானாகப் பட்டியலில் சேர்த்த முப்பத்தொன்றாவதில்தான் வம்பு. ஒரு பெண் எழுதியது: ‘பஸ் போறப்ப பாலத்துத் தூண் அதிருது. சொல்லிப் பார்க்கப் பல தடவை முயற்ச்சி பண்ணியாச்சு. எங்க நாத்தனார் பிள்ளைங்க அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகுதுங்க.’ அந்தப் பாலம் குழுத்தலைவரின் தொகுதியில், அவரே திறந்துவைத்தது. பட்டியலில் நின்றால் கணக்கு முடங்கும். எழுதினவள் வீட்டுக்கு விசாரணை போகும். பாலத்தைப் பற்றி அப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

பட்டியல் மன்றத்துக்குப் போக வேண்டிய நாள், பதினொரு மணிக்கு மன்றம் கூடும். பத்து மணிக்கு நான் பட்டியலின் மெய்ப்பை வாங்கிப்போக வந்து நிற்கிறேன், கீழே மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் குழுத்தலைவரின் செயலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் ‘நம்மவர்’னு குறிப்பு எழுதியிருக்கீங்க? ஒரே நாள்ல நாற்பதாயிரம் பேர் பரப்பியிருக்காங்க. பாதி வெளிநாட்டுக் கணக்கு.”

“பரப்பினவன் யாரா வேணா இருக்கலாம் தம்பி. எழுதினவ நம்ம வீட்டுப் பொண்ணு. முயற்சிக்கு நடுவுல ஒரு ‘ச்’ செருகியிருக்கா பாருங்க. அதை நம்ம ஆளைத் தவிர எவனும் செருக மாட்டான். குறிப்புல அதைத்தான் எழுதியிருக்கேன்.”

“வெளிநாட்டுக்காரன் அதையும் கத்துக்கிட்டிருப்பான்.”

“நாத்தனாரையுமா?”

செயலர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த மெய்ப்பைத் தன் பக்கம் திருப்பினார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். அப்போதுதான் சிரித்தார்.

“நீங்களே அடிச்சுட்டீங்களேக்கா.”

எட்டிப் பார்த்தேன். பதிவை அப்படியே எடுத்துப்போட்ட இடத்தில், அந்த ‘ச்’ மேல் சிவப்புக் கோடு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான் பார்த்தாலும் தெரிகிறது. மூளை வேண்டாம் என்று சொல்லும் முன் கை பழக்கதோஷத்தில் திருத்திவிட்டது. இப்படியே அச்சேறினால் உறுப்பினர்கள் கையில் சுத்தமான ‘முயற்சி’ இருக்கும். பிழை இருக்கிறது என்று குறிப்பு சொல்லும், பிழை இருக்காது. குறிப்பு பொய்யாகும். முப்பத்தொன்றும் முப்பதோடு சேர்ந்து போகும்.

“உங்க திருத்தம்தானே? அப்படியே போகட்டும்” என்று தாளை மடித்தார் செயலர். “வயசாகுது, கண்ணுக்குத் தெரியலைன்னு யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இன்னும் மூணு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்குல்ல? பார்வைக்கு மருத்துவச் சான்று கேட்டாங்கன்னா வீண் அலைச்சல்.”

கீழே மெஷின் ஓடுவது தரை வழியாகக் காலில் தெரிந்தது. புள்ளியக்காவின் நகம் மேசை மேல் அசையாமல் நின்றது.

“குடுங்க தம்பி. மெய்ப்பு இன்னும் என் கையெழுத்து வாங்கல.”

செயலர் கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நீட்டிய கை இறங்குவதாக இல்லை. கொடுத்தார்.

புள்ளியக்கா தாளை மேசையில் நீவிவிட்டார். இந்தத் தடவை கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளவில்லை. கழற்றி, மடித்து, செயலருக்கு முன்னால் வைத்தார். குனிந்தார். மூக்கு தாளைத் தொட்டது. தலையில் ஏற்கெனவே ஒரு புள்ளியோடு கோடு விழுந்து கிடந்த அந்த ‘ச்’சுக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்தார். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைச் செயலரைத் தாண்டி என் கையில் நீட்டினார்.