பழ ஸ்டிக்கரும் இரண்டாவது காதும்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, அறந்தாங்கிக்காரர். துபாயில் வேலை. போன லீவில் முதுகில் பழம் போட்ட அந்த போனோடு வந்து இறங்கினார். அன்றிலிருந்து, பொன்னமராவதி மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை நான்தான் என்பது எனக்கும் என் கல்யாணப் பத்திரிகைக்கும் மட்டுமே ஞாபகம்.

என் போனும் ஒன்றும் மட்டமில்லை. இரண்டு சிம், மெமரி கார்டு, எஃப்.எம். ரேடியோ, ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். இதையெல்லாம் மாமியாரிடம் ஒருநாள் மூச்சு வாங்க விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிதான் மாப்ளை, பழம் இல்லையே" என்றார்.

மச்சினன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. போட்டோவெல்லாம் சின்ன மாப்பிள்ளை போனில்தான் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில், கூடாத பொருளைக் கேட்கிற ஆள் மாதிரி குரலைத் தாழ்த்தி, "பழ ஸ்டிக்கர் இருக்கா?" என்றேன். இருந்தது. என் போனின் பெயரை மறைத்து ஒட்டிக்கொண்டேன்.

"ஏங்க, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் மனைவி.

"கிட்டப் போய்ப் பாக்காத. அங்கிட்டு நின்னு பாரு."

விசேஷத்தன்று மெல்லிசான வெள்ளைச் சட்டை போட்டு, பழம் வெளியே தெரிய பையில் வைத்துக்கொண்டேன். "மாப்ளையும் வாங்கிட்டீங்களா!" என்று மாமியார் கேட்டார். கேட்காமலே இரண்டாவது காபி வந்தது. அதைப் பாதி குடிக்கும்போது சகலை வந்தார்.

"சகல, வீடியோ கால் பேசியே சார்ஜ் கொறஞ்சுருச்சு. ஒங்க சார்ஜரக் குடுங்க. ரெண்டும் ஒரே போன்தானே."

என் சார்ஜர் அவர் போனுக்குள் நுழையாது. உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. அப்படியே சமையல் பந்தல் வழியாக ஓடி பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வாய் முந்திக்கொண்டது: "என்னோடது புது மாடல் சகல. ஓட்டை வேற."

அவர் முகம் வாடியது. அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்ட அதே நொடியில் சகலையின் போன் அணைந்தது. "செத்த நில்லுங்க ஆசாரி!" என்று மாமியார் கத்தினார். நல்லவேளை, பிள்ளைக்குக் காது இரண்டு. இடது காதை நான் எடுத்தேன். கன்னத்துக் கண்ணீர்கூடப் படத்தில் துல்லியமாக விழுந்திருந்தது.

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "பழ போனுன்னா பழ போனுதான்!" என்றார் மாமியார்.

என் போன் பிறந்ததிலிருந்து வாங்கிய ஒரே பாராட்டு, அதையும் ஸ்டிக்கர் தட்டிக்கொண்டு போய்விட்டது. சகலையை விட்டுவிட்டு ஸ்டிக்கர்மேல் பொறாமைப்பட ஆரம்பித்தேன்.

"புது மாடலக் கொண்டாங்க, பாப்போம்" என்று சகலை கையில் வாங்கினார். வெயிலில் போன் சூடாகியிருந்தது. பழம் கழன்று அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது. இரண்டடி தள்ளி மாமியார்.

சகலை விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழத்தைப் பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் கோணலாக ஒட்டியது.

"ரெண்டு சிம் போடலாமா?" என்று காதோரம் கேட்டார்.

"போடலாம்."

"சார்ஜ்?"

"ரெண்டு நாள்."

"எனக்கும் ஒண்ணு பாத்து வைங்க. ஸ்டிக்கரோட." பிறகு சத்தமாக, "என்னுதவிட ஒசத்திங்க அத்தை!" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி, "எம்புட்டு நல்ல மனுசன், பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன். வயிறு புதுசாக எரிந்தது. பழத்துக்காவது பஸ் ஸ்டாண்டில் கடை இருக்கிறது. இந்தக் குணத்துக்கு எந்தக் கடையில் போய்க் குரலைத் தாழ்த்துவது?