இரண்டு ஆள் தண்ணீர்

என் அக்காவின் கணவரை ஊரில் எல்லோரும் உப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உப்பு விற்பவர் இல்லை. வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷினைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். என் மெஷின்கள் கத்தும், சூடாகும், பேப்பரைக் கடிக்கும். அத்தானின் மெஷின் மூலையில் ஊமையாக நிற்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஆனாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு அதன் கதையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். உயரமான தொட்டிக்குள் கடுகளவு மணிகள், லட்சக்கணக்கில். ஒவ்வொன்றும் உப்பிலிருந்து வாங்கிய சோடியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடினத் தண்ணீர் உள்ளே வந்ததும் அதிலுள்ள சுண்ணாம்பை இழுத்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். அப்படியே நாள் போகப் போக மணிகளில் இடமே இருக்காது. அப்போது மெஷின் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். முதலில் தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளி மணிகளை உலுக்கும். பிறகு பக்கத்துத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை மெல்ல உறிஞ்சி அவற்றின் மேல் விடும். அத்தனை உப்பு மொத்தமாக வந்து மோதினால் மணிகள் சுண்ணாம்பை விட்டுவிடும். சுண்ணாம்பு சாக்கடைக்குப் போகும், மணிகள் பழையபடி தயாராகிவிடும்.

"எதையும் தூக்கிப் போடறதில்ல மச்சான். முதல் நாள் போட்ட அதே மணிதான்" என்பார் அத்தான், தானே பெற்று வளர்த்தது போல.

அந்த மெஷினில் ஒரு மீட்டர் உண்டு. எந்த நாளில், எந்த மணிக்கு, எத்தனை லிட்டர் போயிற்று என்று குறித்து வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எப்போது கழுவிக்கொள்வது என்று மெஷின் முடிவு செய்யும். அத்தான் அதைப் பார்த்துக் குடும்பத்தையே சொல்லிவிடுவார். ஒரு வீட்டில் நாலு பேர் என்றார்கள். இவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, மூன்று பேருக்கு மெஷினை மாற்றி வைத்துவிட்டுப் பேசாமல் வந்தார். மகன் வீட்டை விட்டுப் போனதை அவர்கள் தெருவுக்கே தெரியாமல் மறைத்திருந்தார்கள். இந்த மாதிரி விஷயங்களை அவர் வெளியே மூச்சு விட்டதில்லை. என்னிடம் சொன்னதே பல வருடம் கழித்துத்தான்.

அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவர் காலை ஏழரைக்குக் கிளம்பி, இருட்டும் நேரத்தில் திரும்பி, தானே சமைத்து, தானே துவைத்து, ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தார். இவருக்கு என்ன குறை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவருடைய மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அப்பா என்கிட்ட என்னமோ சொன்னாரு. எனக்குத் தூக்கமே வரல."

"என்ன சொன்னாரு?"

"நம்ம வீட்டு மீட்டர்ல இன்னும் ரெண்டு ஆள் தண்ணி காட்டுதாம். அம்மா போகலன்னு சொல்றாரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரான் வீட்டு ஒழுகலைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிற மனுஷன், தன் வீட்டு ஒழுகலுக்கு இப்படி ஒரு பெயர் வைப்பாரா? நான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஒழுகல் என்றால் அடைத்துவிட வேண்டியது. ஒழுகல் இல்லை, அப்பாவேதான் நினைவில்லாமல் குழாயைத் திறந்து விடுகிறார் என்றால், வீட்டை விற்றுவிட்டு அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். தனியாக விட முடியாது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் ஒரு வார்த்தையில் அந்த மனுஷன் தன் வீட்டையும் தொழிலையும் இழந்துவிடக்கூடும்.

ஜெராக்ஸ் கடைக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு அங்கே போய்த் தங்கினேன். கல்யாணம் ஆகாதவனுக்கு இந்த ஒரு சௌகரியம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அவர் வேலைக்குப் போனதும் எல்லாக் குழாயையும் மூடினேன். மீட்டர் ஒரு மணி நேரம் அசையவே இல்லை. கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டியில் சிவப்புச் சாயம் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகினால் கீழே கோப்பையில் நிறம் இறங்கும் என்று அவரே சொல்லிக் கொடுத்த வித்தைதான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பதினோரு மணிக்கு மூலையில் நின்ற மெஷின் க்ளிக் என்று திரும்பித் தன்னைக் கழுவ ஆரம்பித்தது. யாரும் வீட்டில் இல்லாத நேரம் என்று அவர் குறித்து வைத்த மணி. தொட்டிக்குள் தண்ணீர் மேலே ஏறும் சத்தம், யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி, காலி வீடு முழுக்கக் கேட்டது. ஒரு ஆளுக்கு நாலு வாரத்துக்கு ஒரு தரம் கழுவினால் போதும். முந்தைய கழுவலுக்குப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

மீட்டரில் மணி வாரியான கணக்கை எடுத்துப் பார்த்தேன். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு நாற்பது லிட்டர். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இரண்டு வருடமாக.

மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நேர் எதிரே குளியலறைக் கதவு. ஐந்து நாற்பதுக்கு அத்தான் வந்தார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைத் தாண்டிப் போனபோது பார்க்கவில்லை. இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்தார். வெந்நீரைக் கலந்து, புறங்கையை விட்டுப் பார்த்தார். அக்காவின் ஊதாத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, "தண்ணி வெச்சாச்சு. ஆறிடப் போகுது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். உடனே குறட்டை வந்தது.

முப்பது வருடம் தினமும் செய்த வேலை. அவளுக்கு வாளி நிரப்பி வைத்த பிறகுதான் அவர் வேறு எதையும் தொடுவார். அந்தக் கை இன்னும் நிறுத்தவில்லை, அவருக்குத்தான் அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒழுகல் அவரேதான். மகளிடம் இதைச் சொல்ல வேண்டியவன் நான். என் தலையெழுத்தை நொந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உள்ளே சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம் கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தரையில் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. உள் அறையில் அத்தானின் குறட்டை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளியலறைக்கு வேறு வழி கிடையாது. இருக்கிற ஜன்னல் பூனை நுழையும் அளவு. பத்து நிமிடம் கழித்துச் சத்தம் ஓய்ந்தது. ஆறே காலுக்கு எப்படியோ போய்க் கதவைத் தள்ளினேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. தரை ஈரம். வாளி இரண்டும் கவிழ்த்து வைத்திருந்தது. ஊதாத் துண்டைத் தொட்டேன், நனைந்து கதகதப்பாக இருந்தது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" பின்னால் அத்தான் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். "எப்ப எழுந்த?"

"இப்பத்தான்."

"டீ போடவா?"

"போடுங்க."

அன்று காலையே மகள் போன் செய்தாள். நான் வாசலுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"என்ன மாமா, ஒழுகலா, இல்ல அப்பாவா?"

"ஒழுகல்தாம்மா" என்றேன். அக்கா மகளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. "உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. நானும் இனிமே இங்கயே தங்கிக்கறேன்."

"அப்ப அடைச்சிடலாமா?"

"அடைக்கிறது கஷ்டம்மா."

"எவ்வளவு தண்ணி போகுது?"

"ரெண்டு வாளி. காலையில மட்டும்."

அந்தப் பக்கம் அவளும் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வெந்நீரா மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப விட்டுடுங்க" என்றாள். "அடைக்க வேணாம்."