தமிழ் அலமாரியும் ஆளுக்கொரு வரியும்

வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் கால் வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், படித்தவர்களின் அபிப்பிராயத்தைத் தாங்க முடியாது. புத்தகம் இரவல் கொடுத்துப் பழகிய உங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வாசகசாலையில் எனக்கு அந்த வேலை. மலையாளப் புத்தகங்கள் சுவர் நிறைய இருந்தன. தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி. எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டுக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அதுதான் கதி. அதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி.வி. வைக்க வேண்டும் என்று செயலாளர் சுகுமாரன் சார் ஆரம்பித்தார். தமிழை யாரும் வாசிப்பதில்லை என்பது அவர் கட்சி. வாசிக்கிறார்கள் என்று கமிட்டியில் காட்ட, புத்தகம் திருப்பித் தருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வரி அபிப்பிராயம் கேட்பது என்று முடிவு செய்தேன். யார் கேட்கச் சொன்னது என்னை?

சோறு

மேரியக்கா ரப்பர் வெட்டப் போகிறவர். விடியுமுன் எழுந்து, மரத்தைக் கீறி, வடிந்த ரப்பர் பாலை எடுத்து ஊற்றி, ஷீட் அடித்து, அதற்குப் பிறகுதான் வாசிப்பு. தடிமனான குடும்ப நாவல் ஒன்றைக் கொடுத்திருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர். இவரும் அழுதிருப்பார் என்று நம்பிப் போய்க் கேட்டேன்.

"கதை கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா இம்புட்டுப் பக்கத்துல ஒருத்தரும் ஒரு நேரம் சோறு தின்னல்லியே, அவியளுக்கு வயிறு கெடையாதா?"

வாய்தா

நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் துப்பறியும் கதை மட்டும்தான் தொடுவார். எப்போது போனாலும் "அடுத்த வாரம் வா" என்று வாய்தா. ஒருவழியாகப் புத்தகத்தைத் திருப்பித் தந்த அன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தீர்ப்பு வரப்போகிறது என்று நானும் பையைக் கீழே வைத்தேன்.

"கொன்னது அவன்தான், செரி. ஆனா அந்தத் துப்பறியிறவன் ஒரு சாட்சியையாவது குறுக்கு விசாரணை பண்ணினானா? நம்ம கோர்ட்டுல இந்தக் கேசு நிக்காது பிள்ளே."

உள்ளேயிருந்து ஒரு குரல்

தங்கம்மையக்கா செயலாளரின் மனைவி. சாருக்குத் தமிழ் பேச வரும். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில், அதனால் தமிழ் எழுத்து தெரியாது. ஒருநாள் வாசலில் நின்று, அக்கா வாசித்த மாமியார் மருமகள் கதைக்கு அபிப்பிராயம் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சார் குரல் வந்தது: "அந்த மாமியாக்காரி கொஞ்சம் கூடுதலாக்கும்!"

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. தினமும் சாயங்காலம் அக்கா சத்தமாக வாசிப்பாராம், சார் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பாராம். எனக்கு வந்த கோபத்தில், "யாரும் வாசிக்கிறதில்லைன்னு கமிட்டியில் சொன்னீங்களே சார்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் எங்க வாசிச்சேன்? காதால கேட்டதல்லா உள்ளு!"

கடைசி அத்தியாயம்

கமிட்டி கூடியது. நான் சேகரித்த அபிப்பிராயங்களைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து, அலமாரியை எடுப்பது என்று தீர்மானித்தார்கள். வீடுகளில் இருந்த தமிழ்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கும் வேலையும் என் தலையில். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தங்கம்மையக்கா மட்டும் சிரித்தமுகமாகவே புத்தகத்தைக் கொடுத்தார். கடைசி அத்தியாயம் இன்னும் வாசிக்கவில்லையாம். வாசித்துவிட்டே தாருங்கள் என்றேன். "வேண்டாம் மக்கா, கமிட்டி தீருமானமல்லா?" என்று உள்ளே பார்த்துக் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

மறுநாள் நான் வாசகசாலைக் கதவைத் திறக்கப் போனபோது சுகுமாரன் சார் படியில் நின்றுகொண்டிருந்தார். அக்கா முந்தின நாள் திருப்பித் தந்த கதையில் வருகிற பெண் கடைசியில் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாளா என்று கேட்டார். நான் அதை வாசிக்கவில்லை என்றேன், உண்மையும் அதுதான். சார் என் பின்னாலேயே உள்ளே வந்து தமிழ் அலமாரியின் கதவைத் திறந்து மூடினார்.

"அலமாரி அங்கினயே இருக்கட்டு, கமிட்டியில நான் செல்லிக்கிடுதேன். நீ அந்தப் புஸ்தகத்த இங்க எடு பிள்ளே, கடைசியில என்ன ஆச்சுன்னு நேத்து நான் கேட்டதுக்கு அவ 'நீங்களே வாசிச்சு நோக்குங்க'ன்னு செல்லிப் போட்டா!"

தமிழ் வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அபிப்பிராயம் சொல்லிக் காப்பாற்ற முடியாத அலமாரி, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரே ஒரு மனிதரால் பிழைத்துக்கொண்டது.