வெயிலுக்குக் காத்திருந்த எதிர்க்கட்சி

எங்கள் ஜங்ஷனில் டீசல் விலையைப் பற்றிப் பேச இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவன் நான், பஞ்சர் கடை வைத்திருப்பவன், எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். மற்றவர் எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஆளுங்கட்சிக்காரர். ஆட்சி மாறும்போதெல்லாம் நாங்கள் பேச்சை மாற்றிக்கொள்வோம். என் கட்சி ஆண்டபோது, "உலகச் சந்தையில எண்ணெய் விலை ஏறினா நாங்க என்னவே செய்ய?" என்று நான் கேட்பேன். "மானியத்த வெட்டி ஏழை வயித்துல அடிக்கியளே" என்று அவர் கத்துவார். இப்போது உலகச் சந்தை அவரிடம், ஏழை வயிறு என்னிடம். இதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

எங்கள் பொருளாதாரத்தை என் மனைவி ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. அவள் கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் ரப்பர் மரம் பால் தரும். நேரம் போனால் சிரட்டையில் நாலு சொட்டு விழுந்து நின்றுவிடும். தோட்டத்துக்குள்ளேயே லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் நடந்தே மரத்துக்குப் போவார்கள். எங்களைப் போலக் கீழே வீடு உள்ள பெண்களுக்கு, வெளுப்பதற்கு முன்னால் வரும் முதல் பஸ்தான் வழி.

அந்த பஸ்ஸைத்தான் நிறுத்தப்போவதாக டிரைவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கிடையாதாம். டீசல் விற்கிற விலையில் காலி வண்டியை மலையேற்ற முடியாது என்று அலுவலகம் முடிவு செய்துவிட்டது. பரிசோதகர் ஒருவர் ஒரு வாரம் கூடவே வந்து பார்த்திருக்கிறார். பஸ்ஸில் அவரும் டிரைவரும் கண்டக்டரும்தான் இருந்தார்களாம்.

எனக்குக் கோபம் வந்தால் உடனே அறிக்கை வரும். அன்று வரவில்லை, பயம்தான் வந்தது. சாயங்காலம் மனைவி, தோட்டத்து மேஸ்திரி சொன்னதைச் சொன்னாள். நேரத்துக்கு வர முடியாதவர்களின் மரங்கள் லயத்து ஆட்களுக்குப் போய்விடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வெட்டுகிற மரங்கள். எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இருட்டிலும் அவள் கைக்குத் தெரியும். அன்று அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. என் பஞ்சர் கடையை நம்பி அடுப்பு எரிந்த நாள்கள் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் எங்கள் கட்சியின் மாவட்டத் தலைவருக்கு போன் போட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். "பெருசா பண்ணிடலாம், ஜீப்ப கயிறு கட்டி இழுப்போம்" என்றார். டீசல் விலை ஏறினால் வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது நம் நாட்டு எதிர்க்கட்சிகளின் பழைய வழக்கம். ஆனால் அதெல்லாம் கீழே, சமதளத்தில். எங்கள் ரோடு ஒரேயடியாகச் சரிவு என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நல்ல வெயில் நாளாகப் பார்த்து வந்தார். மழை விட்டிருந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். வெள்ளை வேட்டி, ஒலிபெருக்கி, ஜீப், தடித்த கயிறு, எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை. எந்தப் பெண்களுக்காகப் போராட்டமோ அவர்களில் ஒருத்தியையும் காணோம். கொடியோடு வந்திருந்த நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தோம். இழுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஜீப் தானாக உருண்டு எங்களைத் துரத்த ஆரம்பித்தது. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஜீப் டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது நான் ஓடையோரத்துப் புல்லில் கிடந்தேன்.

டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "பாத்தேரா வே, டீசல் இல்லாமலே ஓடுது! பொறவு மானியம் எதுக்கு?"

அவர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மனைவி வராததுதான் எனக்கு ஆறவில்லை. வேலை முடிந்து வந்ததும் எரிந்து விழுந்தேன். "ஒனக்காகத்தானே இவ்வளவு பாடும்? நீயே வரல்லன்னா எவன் மதிப்பான்?"

அவள் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வெயிலடிச்ச நாளுல போராட்டம் வச்சா யாரு வருவா? எல்லாவளும் மரத்து மூட்டுலல்லா நிப்போம். நாங்க வரணும்னா மழ பெய்யணும். மழையில பால் வெட்டு கிடையாது, கேட்டியளா?"

இது எனக்குத் தெரியாத விஷயமா? மழை பெய்தால் பட்டை நனையும், பால் தண்ணீரோடு ஓடும், அன்று வெட்டு இல்லை. மழைச் சத்தம் கேட்டால் அவள் புரண்டு படுப்பதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். சட்டென்று எனக்குப் பரிசோதகர் வந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. அடைமழை வாரம். ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. மழையில் ஆள் எண்ணியது அவர் தப்பு, வெயிலில் ஆள் கூப்பிட்டது என் தப்பு. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கலாம்.

அடுத்த மழை நாளில் குடையும் பிளாஸ்டிக் தாளுமாக ஜங்ஷன் நிறைய பெண்கள் வந்துவிட்டார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை. டீக்கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். "முதல் பஸ் இல்லன்னா எனக்கு முதல் டீயும் இல்ல வே" என்றார். அது உண்மைதான். ஆனால் அவர் தங்கையும் பால் வெட்டுகிறவள் என்பதை அவர் சொல்லவில்லை.

அலுவலகத்தில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன முகம். "காலி வண்டி ஓட்டினா ஊத்துற டீசல் எல்லாம் நஷ்டம்தானேம்மா? நான் மேல என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார். உலகச் சந்தையில் ஆரம்பித்து ஒரு நீண்ட பதில் என்னிடம் தயாராக இருந்தது. வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஸார், மழையில்லாத நாளா பாத்து ஆள அனுப்புங்க. அண்ணைக்கும் வண்டி காலின்னா நிறுத்திக்கிடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எந்தக் கட்சிக்காரனும் இப்படித் தன் கழுத்தை நீட்டிக் கோரிக்கை வைக்க மாட்டான். அதிகாரி மேசைமேல் இருந்த நாட்காட்டியைப் புரட்டினார். பிறகு, மாதம் முடிவதற்குள் வெட்டு உள்ள நாளாக ஒரு நாள் பரிசோதகரை அனுப்புவதாகவும், மழை விட்ட காலையில் தனக்கு போன் செய்தால் போதும் என்றும் சொன்னார்.

அதன்பின் மழை விடவில்லை. தினமும் எழுந்ததும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பேன். எதிர் வாசலில் டீக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த மழைக்கும் ஆளுங்கட்சிதான் காரணம்னு ஒரு அறிக்கை விடுமேன்" என்று கேலி செய்தார். மாதம் முடிய முடியக் கேலியும் குறைந்தது. மனைவி தன் பால்கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தாள், வேலையில்லாத கைக்கு வேலை வேண்டுமே.

எனக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. பஸ் அலுவலகத்தின் கணக்கில் அந்த டீசல் நஷ்டம். அந்த பஸ்ஸில் ஏறிப்போன கைகள் வெட்டிய பால் தோட்டத்தின் கணக்கில் லாபம். இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற நாற்காலி இந்த நாட்டில் யாரிடமும் இல்லை. மானியம் என்றால் ஏதோ தானம் போலப் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன், என் கட்சி ஆண்டபோது.

மாதக் கடைசியில் ஒரு நாள், வெளுப்பதற்கு முன்னால் விழித்தபோது ஓட்டின் மேல் சத்தம் இல்லை. வெளியே வந்தேன், நட்சத்திரம் தெரிந்தது. உடனே அதிகாரிக்கு போன் போட்டேன்.

பஸ்ஸில் பரிசோதகர் வந்திறங்கினார். அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது டீக்கடைக்காரர் என் காதில் கிசுகிசுத்தார்: "பயலுவள கொஞ்சம் பேர ஏத்தி விடுவமா? ரெண்டு கட்சி ஆளும் உண்டுல்லா." எனக்கும் அதே ஆசைதான். லாரியில் ஆள் ஏற்றிப் பழகிய புத்தி எங்கே போகும்? நான் முதல் ஆளாகப் படியில் கால் வைத்தேன்.

"நீங்க எங்க போறிய?" மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாள். "எறங்குங்க. வேலைக்குப் போறவ மட்டும் போனா போதும்."

இறங்கினேன். அவர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாளியும் ஒரு விளக்கும் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், ஜங்ஷனைத் தாண்டும்போதே பரிசோதகர் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றதைக் கண்ணால் பார்த்தபோதுதான் நம்பினேன். டீசல் புகை எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.

அலுவலகத்திலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. முதல் தேதி காலையில் மனைவி வழக்கம்போலச் சோறு கட்டினாள். "வரல்லன்னா?" என்று கேட்டேன். "வந்தா சோறு இல்லாம எப்படிப் போக?" என்றாள். ஜங்ஷனில் எல்லாப் பெண்களும் வளைவையே பார்த்து நின்றார்கள். டீக்கடையில் பால் பொங்கி வழிந்தது, அவர் கவனிக்கவில்லை.

வளைவில் மரங்கள் மேல் வெளிச்சம் விழுந்தது. பிறகு ஹாரன் கேட்டது. பஸ் வந்தே விட்டது!

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "இனி ரெண்டு பேரும் டீசலப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கிடுங்க. நான் போயிட்டு வாறேன்."