தாய்மாமன் சீரில் ஒரு பம்ப்

பழி வாங்குவது கெட்ட குணம் என்பார்கள். இருக்கட்டும். தங்கை புருஷனை நான் பழி வாங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரண்டு பிடி சோறு கூடவே இறங்குகிறது.

அறுபதுகளின் கடைசியில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் சாப்பாட்டு ஓட்டல் வைத்திருந்தேன். மெட்ராஸ் கடற்கரையில் மீன் காட்சிசாலையைப் பார்த்துவிட்டு வந்த பைத்தியத்தில், ஓட்டல் கூடத்தில் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கட்டினேன். மரக்காணத்திலிருந்து லாரியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் வந்தது. ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக் கற்களைத் தருவித்து அடுக்கினேன். மீனை விடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு பம்ப் வேண்டியிருந்தது.

எப்படிப்பட்ட பம்ப் என்று மெட்ராசிலேயே விசாரித்திருந்தேன். வயலுக்கு இறைக்கிற வேகம் இருந்தால் மீன் கண்ணாடியில் போய் மோதும். வேகம் குறைந்தால் மூலைத் தண்ணீர் அழுகும். முக்கியமாக, பித்தளை ஆகாது. ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்தால் களிம்பு ஏறி விஷமாகும் என்று எல்லாச் சமையல்காரருக்கும் தெரியும். உப்புத் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்யும்.

தங்கை புருஷன் பம்ப் கடை வைத்திருந்தான். அவனிடம் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உள்ள சக்கரம் ரப்பரு மச்சான். உனக்குன்னே தருவிச்சி வச்சிருக்கேன்" என்று கறுப்பாக ஒன்றைக் காட்டினான். நம்பி வாங்கி மாட்டினேன்.

மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மீன்களைப் பார்க்க ஊரே வந்தது. ஒரு சந்தை நாள் காலையில் அத்தனையும் செத்து மிதந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்து போனார்கள். ஓட்டல் தண்ணீரிலேயே விஷம் என்று பேச்சு கிளம்பியது. அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே வந்தான்.

"இன்னா மச்சான், இன்னிக்கு மீன் கொழம்பா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பம்பைப் பிரித்தேன். கறுப்புப் பெயிண்டு உரிந்து, அடியில் பித்தளைச் சக்கரம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. தங்கை அங்கே வாழவேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பேட்டரிக் கடைகளுக்கு ஆசிட் இறைக்கிற கெட்டி ரப்பர் பம்பு ஒன்றை மெட்ராசில் தேடிப் பிடித்தேன். ஆசிட்டுக்கே அசையாத ரப்பரை உப்பு என்ன செய்துவிடும்? புது மீன்கள் நன்றாக இருந்தன. ஆனாலும் ஓட்டலில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன பேர் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் அவன் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. தாய்மாமன் நான்.

மேளம் முழங்க, கடைத்தெரு வழியாகச் சீர்த்தட்டுகளோடு போனேன். முதல் தட்டில் தேங்காய் பழம். இரண்டாவது தட்டில் அவன் விற்ற அந்தப் பித்தளைப் பம்ப். சக்கரத்தைத் தனியாகக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தேன்.

"இன்னாத்துக்கு மச்சான் இது?" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

"உன் கடைச் சரக்குதான் மாப்ளே. பித்தளைக்குப் பெயிண்டு அடிச்சி ரப்பருன்னு வித்தியே, மறந்துட்டியா?"

தொண்டூர் விவசாயி ஒருவர் எழுந்து வந்து சக்கரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அப்ப நான் வாங்குனதுல இன்னா பூசி வச்சிருக்கே?" என்று அவனைக் கேட்டார். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவன் தட்டை ஓரமாகத் தள்ளப் போனான். என் தங்கை குறுக்கே வந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

"தாய்மாமன் சீரு இது. ஊட்டுக்குள்ளதான் இருக்கும்" என்றாள்.

கூடத்து அலமாரியில், அவன் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவுரு பெயிண்டு அடிக்கச்சொல்ல டப்பாவப் புடிச்சினு நின்னது நான்தாண்ணா. வாயத் தொறந்தா உன் அண்ணன் ஊட்டுக்கே போயிடுன்னாரு."

மீனுக்காக வந்த கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. தங்கைக்காக வந்த இந்தக் கோபம் தீரவில்லை.